குடிலில் சேர்ந்து நிற்பவர்கள்

கேள்வி: சிவாஜிநகரில் வாங்கிய பொம்மைகளை வைத்து வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் அமைத்திருக்கிறோம். மத்தேயு நற்செய்தியை வாசித்த என் மகள், "இதில் தொழுவமும் இல்லை, இடையர்களும் இல்லையே அம்மா" என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் மகள் மிகக் கவனமாக வாசித்திருக்கிறாள், அவள் சொன்னது சரி. இயேசுவின் பிறப்பைச் சொல்பவை நான்கு நற்செய்திகளில் இரண்டே. மாற்கு யோவான் ஸ்நானகனிடமிருந்தும், யோவான் "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்றும் தொடங்கிவிடுகிறார்கள்.

மத்தேயு சொல்வது மரியாளின் கணவர் யோசேப்பின் கதை. அவருடைய கனவுகள், கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் (ஞானிகள்), ஏரோது ராஜாவின் கொடுமை, எகிப்துக்கு ஓட்டம் என அது அச்சத்தோடு நகர்கிறது. சாஸ்திரிகள் "வீட்டுக்குள் பிரவேசித்து" பிள்ளையைக் கண்டதாகவே அவர் எழுதுகிறார். அவர்கள் மூவர் என்றோ அரசர்கள் என்றோ அவர் சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள் மூன்றாக இருந்ததால் ஆட்களையும் மூவராக எண்ணிக்கொண்டோம். இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளைக் கொல்லும்படி ஏரோது கட்டளையிட்டதைப் பார்த்தால், அவர்கள் வந்தபோது குழந்தை பிறந்து சில மாதங்களாவது கடந்திருக்கலாம்.

லூக்காவோ மரியாளின் பக்கம் நின்று சொல்கிறார். காபிரியேல் தூதன், குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு), வயல்வெளி இடையர்கள், முன்னணை எல்லாம் அவரிடமே உள்ளன. முன்னணை என்பது மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி. தொழுவம் என்ற சொல்லோ, மாடும் கழுதையும் அருகில் நின்றதாக ஒரு வரியோ லூக்காவிலும் கிடையாது. "சத்திரத்திலே இடமில்லாதிருந்தபடியினால்" என்று நாம் வாசிக்குமிடத்தில் உள்ள கிரேக்கச் சொல், கடைசி இராப்போஜனத்துக்கான அறையைக் குறிக்கவும் லூக்காவால் பயன்படுத்தப்படுகிறது. நல்ல சமாரியன் உவமையில் வரும் சத்திரத்துக்கு அவர் வேறொரு சொல்லை எழுதுகிறார். ஆகவே, ஆட்கள் நிறைந்துபோன உறவினர் வீட்டில், விருந்தினர் அறையில் இடமின்றி, கால்நடைகள் கட்டும் பகுதியில் குழந்தையைக் கிடத்தினார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பிரசவ வேதனையில் வந்தவளுக்குக் கதவடைத்த ஊராகப் பெத்லகேமை ஆண்டுதோறும் மேடையேற்றுகிறோமே, அது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயமாகவே எனக்குப் படுகிறது.

இரண்டு கதைகளும் எல்லா இடத்திலும் பொருந்திப்போவதில்லை. லூக்காவில் குடும்பம் எருசலேம் ஆலயத்தில் ஏழைகளின் காணிக்கையான பறவைகளைச் செலுத்திவிட்டு நாசரேத்துக்குத் திரும்புகிறது. எகிப்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பெத்லகேம், தாவீதின் வம்சம், கன்னியாகிய மரியாள், யோசேப்பு, நாசரேத்தில் வளர்ந்தது ஆகியவற்றில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். இதை மகளிடம் மறைக்க வேண்டாம். ஒரு மாலை மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களையும், மறு மாலை லூக்காவின் முதல் இரண்டையும் கலக்காமல் வாசியுங்கள்.

குடிலைக் கலைக்கவும் வேண்டாம். ராஜாக்களின் பொம்மைகளை மட்டும் கூடத்தின் மறுகோடியில் வைத்து, மகளின் கையாலேயே நாளுக்கொரு சாண் நகர்த்தச் சொல்லுங்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 அன்று அவர்கள் குழந்தையிடம் வந்து சேரட்டும்.