ஓவியத்துக்கும் சீட்டு உண்டு

கேள்வி: பல ஆண்டுகளாக நீர்வண்ண ஓவியங்கள் வரைந்து வருகிறேன். காட்சிக்கூடம் ஏதுமின்றி வீட்டிலிருந்தே படங்களை விற்றுத்தரும் ஒருவர், எட்டு மாதங்களுக்கு முன் என்னிடம் நான்கு படங்களை விற்பனைக்காகப் பெற்றுச் சென்றார். இன்றுவரை தகவல் இல்லை. இப்போது கோவையில் கட்டப்படும் ஒரு மருத்துவமனைக்காக ஆறு ஓவியங்கள் வரைந்து தருமாறு கலை ஆலோசகர் ஒருவர் கேட்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஒப்புக்கொள்ளலாம், ஆனால் இவ்விருவரின் தொழிலும் ஒன்றல்ல. முன்னவர் உங்கள் சரக்கை விற்றுத் தரகு பெறுபவர். ஆலோசகரோ வாங்குபவரின் ஆள். அவருக்குரிய ஊதியத்தை மருத்துவமனை தருகிறதா, உங்கள் விலையில் கழித்துக்கொள்கிறாரா, இரண்டுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

ஈரோட்டு மண்டியில் மஞ்சள் மூட்டையை இறக்கிவைக்கும் விவசாயி, எடை குறித்த சீட்டு இல்லாமல் ஊர் திரும்புவதில்லை. ஓவியர்கள்தாம், நட்பின் பெயரால், வெறுங்கையோடு திரும்புகிறோம். படத்தின் பெயர், அளவு, விலை, தரகு விகிதம், எத்தனை மாதம் விற்றுத்தருபவரிடம் இருக்கும், விற்றபின் எத்தனை நாளில் பணம் வரும், கண்ணாடிச் சட்டம் உடைந்தால் செலவு யாருடையது என்பவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். கண்காட்சி நடத்தும் கூடங்கள் விலையில் பாதிவரை எடுப்பதுண்டு. வாடகையோ அழைப்பிதழ்ச் செலவோ இல்லாதவர் அதே பாதியைக் கேட்டால் தயங்காமல் பேரம் பேசுங்கள். அந்த நான்கு படங்களும் விற்பனைக்காக மட்டுமே ஒப்படைக்கப்பட்டவை, இன்னும் உங்கள் உடைமையே என்று குறிப்பிட்டு, திருப்பித்தர நாள் குறித்து, ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். பழைய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

மருத்துவமனைப் பணியில் கவனிக்க வேண்டியது வேறு. வரைந்து முடித்த படத்தை விற்றால், எழுத்துமூலம் மாற்றித் தராதவரை பதிப்புரிமை, அதாவது அதை நகலெடுத்து வெளியிடும் உரிமை, உங்களிடமே இருக்கும். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணத்துக்கு வரையும் ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில். அவ்வாறாயின் அந்த ஆறு படங்களையும் அவர்கள் நாட்காட்டியாக அச்சிட்டாலும் பதிப்புரிமையைக் காட்டி நீங்கள் பணம் கேட்க முடியாது. மூல ஓவியம் பின்னாளில் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்குப் பங்கு தரும் 53அ பிரிவும் முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கே பொருந்தும். எனவே, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முன்பணம் பெற்ற பிறகே தூரிகையைத் தொடுங்கள். சுவரின் நிறத்துக்கேற்ப நீலத்தைக் கூட்டச் சொல்லும் வழக்கம் இத்துறையில் உண்டாதலால், திருத்தம் எத்தனை முறை என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.