சொல் வராதபோது நாமே எடுத்துக் கொடுக்கலாமா?

கேள்வி: கைத்தறி லுங்கி நெய்யும் என் கணவருக்கு நான்கு மாதங்களுக்கு முன் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. இப்போது நடமாடுகிறார், நாம் பேசுவதும் புரிகிறது. ஆனால் பெயர்கள் வராமல் 'அது, அந்த இது' என்று தவிக்கிறார். நாங்களே சொல்லிவிடலாமா? – ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள், அதற்காக அவர் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பொருள் அவருக்குத் தெரிகிறது. அதன் பெயரை எடுப்பதில்தான் சிக்கல். எனவே, அந்தப் பொருளைப் பற்றிய மற்றச் செய்திகளைப் பேசவைத்து, பெயரை அவரே எட்டும்படி செய்வதுதான் பயிற்சி.

தறி நாடாவை (ஊடை என்னும் குறுக்கு நூலை ஓட்டும் கருவி) அவர் கையில் கொடுத்து, எதற்கு உதவும், முனை எப்படி இருக்கும், உள்ளே என்ன வைப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 'தார் (நூல் சுற்றிய குச்சி) வைப்போம், ஊடை ஓடும், ரெண்டு பக்கமும் கூர்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெயர் வந்துவிடலாம். வராவிட்டால் 'நா...' என்று முதல் ஒலியை மட்டும் கொடுங்கள். அதற்கும் வராவிட்டால் முழுச் சொல்லையும் சொல்லி, அவரைத் திரும்பச் சொல்லவைத்து, ஒரு வாக்கியத்திலும் சேர்க்கச் செய்யுங்கள். இப்படி விவரித்துப் பழகியவர், கடைத்தெருவில் பெயர் வராத இடத்திலும் தனக்கு வேண்டியதைப் புரியவைத்துவிடுவார்.

பெரும்பாலும் பழகிய சொற்களே மேம்படுகின்றன என்பதால், குழந்தைகளின் படப்புத்தகத்து ஒட்டகமும் விமானமும் நெசவாளருக்கு எதற்கு? பாவு (தறியின் நெடுக்கு நூல்), தார், பிள்ளைகளின் பெயர்கள், அன்றாடம் சாப்பிடும் மாத்திரை என்று அவருக்குத் தேவையான பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தேர்ந்தெடுத்து, களைப்பில்லாத காலை வேளையில், டிவியை அணைத்துவிட்டு, 20 நிமிடம் பழகினால் போதும். மற்ற நேரங்களில், குறிப்பாக உறவினர் முன்னால், 'இது என்ன, சொல்லுங்கள்' என்று பரீட்சை வைக்கவே கூடாது. சற்றுப் பொறுத்து, 'நான் சொல்லட்டுமா?' என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் அவரை ஒருமுறை முழுமையாகச் சோதிப்பது அவசியம். தலைக்காயத்தில் கவனமும் நினைவாற்றலும் குறைவதும் சொல் வராமைக்குக் காரணமாகலாம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையத்தில் முதலில் விசாரிக்கலாம். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் சொல் எடுப்பதை மந்தமாக்கும், ஆனால் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பேச்சு திடீரென மோசமானாலே, அதிலும் தலைவலி, வாந்தி, மயக்கம் சேர்ந்தால், தாமதிக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.