"வலிக்கலைம்மா" என்கிற மகள்

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். நானும் என் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். நான் செக்கிங், அவர் வேறு கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு அவருடைய கம்பெனியில் ஆர்டர் குறைந்துவிட்டது. ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தவருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைப்பதே கஷ்டம் என்றானது. அதனால் நான் ஓவர்டைம் பார்க்க ஆரம்பித்தேன். 12 நாட்களுக்கு முன், நான் வேலையில் இருந்த நேரத்தில், எங்கள் லைன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து 7 வயது மகள் விழுந்து, வலது முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. அவர் பதறிப்போய் நாட்டுக் கட்டு போடுபவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டியதில், விடிவதற்குள் விரல்கள் வீங்கி நீலமாகிவிட்டன. தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். ஆபரேஷன் செய்து இரண்டு கம்பி வைத்தார்கள். பில் 68,000 ரூபாய். என் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள், அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. கையில் இருந்தது போக 40,000 ரூபாய் ஐந்து வட்டிக்கு வாங்கினோம். குழுக் கடன் தவணை வேறு. என்னிடம் ஒன்றரைப் பவுன் செயின் இருக்கிறது. மகளுக்கென்று என் அம்மா போட்டது, அதைத் தொட மனம் வரவில்லை.

ஒன்பதாவது படிக்கும் மகன், "ஸ்கூலை நிறுத்திடுறேன், கைமடிக்கப் போறேன்" என்கிறான். டெய்லருக்கு உதவியாள் வேலை அது. கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் இப்போது யாரிடமும் சரியாகப் பேசுவதே இல்லை. "வேலை வேலைன்னு போனா பிள்ளை இப்படித்தான் விழும்" என்று மாமியார் சொல்கிறார். கம்பி எடுத்ததும் எண்ணெய் போட்டு உருவிவிட்டால் கை சரியாகிவிடும் என்றும் சொல்கிறார். மகளிடம் வலிக்கிறதா என்று கேட்டால் "வலிக்கலைம்மா" என்கிறாள். தூங்கிய பிறகு முனகுகிறாள்.

பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மகள் தூக்கத்தில் முனகுவதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

லைன் வீடு என்றால் பெரும்பாலும் ஒரே அறை. ராத்திரி பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்துத்தான் நீங்களும் அவரும் பேசியிருப்பீர்கள். அறுபத்தெட்டாயிரம், வட்டி, வரும் சனிக்கிழமை சம்பளத்தில் எதை முதலில் கட்டுவது. அவள் தூங்கியிருக்க மாட்டாள். எவ்வளவு தொகை என்பது புரியாவிட்டாலும், எல்லாம் தன் கையால் வந்தது என்பது மட்டும் புரிந்திருக்கும். வலிக்கிறது என்று சொன்னால் இன்னொரு பில் வரும், அம்மா இன்னும் ஒரு மணி நேரம் லேட்டாக வருவாள். அவள் போட்ட கணக்கு இதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு 10 வயதாக இருந்தபோது என் தம்பியின் காலில் கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டது. அந்த வருடம் அப்பாவுக்கு வேலை இல்லை. "இவன் ஒருத்தனுக்கே இவ்வளவு செலவாயிடுச்சே" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். ஆற்றாமையில் சொன்ன வார்த்தை, அடுத்த நாள் அவளுக்கே மறந்திருக்கும். தம்பி வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது 50 தாண்டிவிட்டது. போன வருடம் நெஞ்சு வலியை மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். ஏன்டா என்று கேட்டால், "எதுக்கு வெட்டிச் செலவு" என்கிறான். அதனால்தான் உங்கள் கடைசி வரியைப் படித்ததும் என்னால் கடிதத்தை மடித்து வைக்க முடியவில்லை.

இதில் மனசு மட்டும் இல்லை, உடம்பும் இருக்கிறது. முழங்கைக்குச் சற்று மேலே அந்த எலும்பு மெல்லியது. 5 முதல் 7 வயதுப் பிள்ளைகள் விழும்போது கையை நீட்டி ஊன்றினால் அந்த இடத்தில்தான் அதிகம் முறிகிறது. கைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயும் நரம்புகளும் அதை ஒட்டியே போகின்றன. முறிந்த கை வீங்கத்தான் செய்யும். அதன்மேல் தப்பை வைத்து இறுக்கிவிட்டால் வீக்கத்துக்கு இடமில்லாமல் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே தசை செத்துப்போகலாம். அப்படியானால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். விரல் நீலமானதைப் பார்த்ததும் கட்டைப் பிரிக்க ஓடினீர்களே, அந்த ஓட்டம்தான் அவள் கையைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தப் பெரிய ஆபத்தை நீங்கள் கடந்துவிட்டீர்கள். ஆனால் கம்பி இன்னும் உள்ளே இருக்கிறது. கம்பி நுழைந்த இடத்தில் சீழ் பிடித்தாலோ, விரல் மரத்துப்போனாலோ முதலில் தெரியப்போவது அவளுக்குத்தான். அவள் வாயைத் திறந்தால்தான் உங்களுக்குத் தெரியும்.

அதனால் இன்றைக்கு ராத்திரி அவளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, கேள்வி கேட்காமல், நீங்களே சொல்லுங்கள். "பணத்தை அப்பாவும் அம்மாவும் பார்த்துப்போம். அது பெரியவங்க வேலை. வலிச்சா சொல்றதுதான் உன் வேலை. நீ சொல்லலைன்னாதான் டாக்டருக்கு அதிகம் கொடுக்க வேண்டிவரும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். செலவைக் குறைக்க நினைக்கிற பிள்ளைக்கு அதுதான் சட்டென்று பிடிபடும். அப்புறம் "வலிக்குதா" என்று கேட்காதீர்கள், அதற்கு அவளிடம் பதில் தயாராக இருக்கிறது. "நேத்தைவிட அதிகமா, கம்மியா?" என்று கேளுங்கள். விரல்களை நீங்களே தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா, நிறம் இடது கை போலவே இருக்கிறதா, எல்லா விரலையும் ஆட்டுகிறாளா, தொடுவது தெரிகிறதா என்று காலையிலும் மாலையிலும் பார்த்தால் போதும். வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, கட்டிலிருந்து நாற்றமோ நீரோ வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முனகுவதைப் பற்றியும் அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள். பயத்தில் முனகுகிறாளா வலியில் முனகுகிறாளா என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம்.

மாமியார் சொல்கிற உருவல் வேண்டவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முழங்கை மற்ற மூட்டுகளைப் போல இல்லை. பலமாக உருவினால், இழுத்து நீட்டினால், தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு மடங்காமலே போகலாம். பொதுவாக மூன்று, நான்கு வாரத்தில் கம்பியை எடுப்பார்கள். அப்போது கை விறைப்பாகத்தான் இருக்கும், பயந்துவிடாதீர்கள். சாப்பிட, தலைவார, பொம்மையை எடுக்க என்று அவளாகவே மடக்கி நீட்ட நீட்ட, சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். அடுத்த முறை அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போய், அவர் கேள்வியை அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். இ.எஸ்.ஐ. ஞாபகத்துக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், அதோடு கம்பெனி 3.25 சதவீதம் போட்டுக் கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கான திட்டம் இது. வைத்தியம் உங்களுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் உண்டு. கம்பெனி ஆபீஸில் உங்கள் 10 இலக்க இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். குடும்ப விவரத்தில் மகள், மகன், கணவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, அசல் பில்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்களுக்கு ஒதுக்கியிருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள். அவசரத்தில் வெளியே செய்த வைத்தியச் செலவைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. கட்டாயம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், எவ்வளவு கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் கேட்காமல் விட வேண்டாம். பழைய பணம் வராவிட்டாலும் இனிமேல் எடுக்கிற எக்ஸ்ரே, மருந்து இவற்றுக்காவது கையிலிருந்து போகாது. அங்கே தாமதமானால் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம், அதற்கு எந்த அட்டையும் தேவையில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். இலவச எண் 1800 425 3993.

இப்போது அந்த 40,000. ஐந்து வட்டி என்றால் மாதம் 2,000, வருடத்துக்கு 24,000. அசலில் ஒரு ரூபாய் குறையாது. அந்தச் செயினை விற்கச் சொல்லவில்லை. கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வையுங்கள். இன்றைய தங்க விலையில் ஒன்றரைப் பவுன் 40,000 ரூபாய்க் கடனைத் தாராளமாகத் தாங்கும். அங்கே வட்டி இதைவிட மிகக் குறைவு. அந்தப் பணத்தில் ஐந்து வட்டிக் கடனை ஒரே தடவையில் அடைத்து, எழுதிக்கொடுத்த பத்திரத்தையோ செக்கையோ கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். மிரட்டினால், தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். செயின் மகளுக்கென்று உங்கள் அம்மா போட்டது என்கிறீர்கள். பேத்தியின் கை ஒடிந்த நேரத்தில் அது பெட்டியில் இருக்க வேண்டும் என்று அந்த அம்மா நினைப்பாரா?

குழுக் கடன்காரர்களிடம் நீங்களே முதலில் போய் விஷயத்தைச் சொல்லி, தவணையைத் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். மறைந்து மறைந்து போக வேண்டாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டிருக்கிறது.

மகன் விஷயத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. அவன் கைமடித்துக் கொண்டுவருகிற பணம் முதலில் எங்கே போகும்? அந்த 2,000 ரூபாய் வட்டிக்குத்தான். வட்டிக்காரருக்குக் கொடுப்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்த வேண்டுமா என்று கணவரிடம் இந்தக் கணக்கை அப்படியே வையுங்கள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பையன்களுக்கு, 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. உங்கள் மகன் அரசுப் பள்ளியில் படித்தால் அதையும் சேர்த்து இழப்பான். ஆர்டர் குறைந்தால் டெய்லருக்கே வேலை இல்லை என்று இந்த வருடம் பார்த்துவிட்டீர்கள். கைமடிக்கிற பையனுக்கு என்ன நிச்சயம் இருக்கிறது?

ஆனால் அவனைத் திட்டிவிடாதீர்கள். 14 வயதில் வீட்டுப் பாரத்தில் தோள் கொடுக்க வந்திருக்கிறான், அது நல்ல மனசு. அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். தங்கைக்குத் தினமும் எழுத்துவேலையில் உதவ வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உங்களோடு உட்கார்ந்து பில்களைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும். இ.எஸ்.ஐ. விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும்.

கணவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்களுக்குத் தெரியும். கட்டுப் போட அழைத்துப்போனது அவர். விரல் நீலமானதையும் அவர் பார்த்தார். வேலையும் குறைந்து, இதுவும் நடந்து, மகன் "நான் சம்பாதிக்கிறேன்" என்று சொல்லும்போது மறுக்கவும் வாய் வராத நிலையில் இருக்கிறார். நீங்கள் ஓவர்டைம் போனதும், அவர் பக்கத்தில் தெரிந்த இடத்துக்கு ஓடியதும் பிள்ளைகளுக்காகத்தான். அம்மா பக்கத்தில் நிற்கும்போதே கட்டிலிலிருந்து விழுந்து இதே எலும்பை முறித்துக்கொள்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். "நீங்க தூக்கிட்டு ஓடினீங்க, நான் விடியக்காலம் தூக்கிட்டு ஓடினேன், பிள்ளை கை தப்பிச்சது" என்று ஒரு தடவை அவரிடம் சொல்லுங்கள். அவர் வேலை இல்லாத நாட்களில் மகளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிற பொறுப்பை அவரிடம் விட்டுவிடுங்கள். உங்களுக்கு அரைநாள் சம்பளம் மிஞ்சும், அவருக்கும் மகளோடு உட்கார ஒரு நேரம் கிடைக்கும்.

ஒன்றை விட்டுவிட்டேன். மகள் இப்போது வீட்டில்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். டாக்டர் சரி என்றால், கட்டோடேயே பள்ளிக்கு அனுப்புங்கள். அவள் வயதுக்கு இரண்டாவதோ மூன்றாவதோ படிப்பாள். அரசுப் பள்ளி என்றால் காலை உணவும் மதியச் சத்துணவில் முட்டையும் அங்கேயே கிடைக்கும், நீங்கள் வேலைக்குப் போகிற நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கும். முதல் நாள் கணவரையோ மகனையோ கூடவே அனுப்பி, வகுப்பு டீச்சரிடம் மூன்று விஷயம் சொல்லச் சொல்லுங்கள்: கட்டு நனையக்கூடாது, விளையாட்டு நேரத்தில் யாரும் இடிக்காத இடத்தில் உட்கார வேண்டும், வலிக்கிறது என்று அவள் சொன்னால் உடனே உங்களுக்குப் போன் செய்ய வேண்டும்.

அன்புடன்,
அக்கா