மனச்சோர்வுக்கு ஷாக் சிகிச்சை உண்மையிலேயே பலன் தருமா? நினைவாற்றல் போய்விடாதா?

பலன் தரும், குறிப்பாகக் கடுமையான மனச்சோர்வில். தலையில் மின்சாரம் கொடுத்து வலிப்பைத் தூண்டுவதுதான் இந்தச் சிகிச்சை. சினிமாவில் வருவது போல யாரையும் கட்டிவைத்துச் செய்வதில்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துவிடுவார்கள். தளர்த்தும் மருந்து ஒரு பாதத்துக்கு மட்டும் போகாதபடி, கணுக்காலில் பிபி பார்க்கும் பட்டையை இறுக்குவதுண்டு. வலிப்பு வந்தால் அந்தப் பாதம் மட்டும் துடிக்கும்; டாக்டர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

நினைவாற்றல் பற்றிய பயம் வீண் பயம் அல்ல. நியூயார்க்கில் ஹெரால்ட் சாக்கைம் என்ற ஆய்வாளர் இதில்தான் பல ஆண்டுகள் உழைத்தார். வலிப்பு வந்தாலே போதும், மின்சாரத்தின் அளவு முக்கியமில்லை என்றே வெகுகாலம் நம்பினார்கள். அவர் குழுவின் 1993 ஆய்வு அதைக் கவிழ்த்தது. தலையின் வலப்பக்கம் மட்டும் குறைந்த அளவு மின்சாரம் கொடுத்தபோது 17% பேருக்குத்தான் பலன். இருபக்கமும் கொடுத்தால் 65%. ஆனால் மறதி இருபக்க முறையில்தான் அதிகம். அப்புறம் 2000-இல், வலிப்பைத் தூண்டத் தேவையான குறைந்தபட்ச அளவைப்போல் 6 மடங்கு மின்சாரத்தை வலப்பக்கம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருபக்க முறைக்குச் சமமாக வந்தது, மறதி குறைந்தது. இருந்தாலும், இருபக்க முறையில் சிலருக்கு மறதி நீடிக்கிறது என்பதை 2007-இல் அவரே வெளியிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

சரி, குணமானதும் விட்டுவிடலாமா? கூடாது. இந்தச் சிகிச்சையில் குணமானவர்களை வைத்து அவர் குழு செய்த 2001 ஆய்வில், போலி மாத்திரை பெற்றவர்களில் 84% பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தையும், மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியத்தையும் சேர்த்து எடுத்தவர்களில் 39%. எனவே டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஒருபக்கமா இருபக்கமா, முடிந்தபின் என்ன மருந்து?