பாதி பொம்மைய ஏன் பிடுங்குனீங்க?

கேள்வி: என் பொண்ணுக்கு அடுத்த மாசம் மூணு வயசு முடியுது. பிறந்தநாளுக்கு நானே துணிப் பொம்மை தைச்சு சர்ப்ரைஸா குடுக்கணும்னு ஆசை. ஒன்றரை வருஷம் முன்னாடி தவறிப்போன எங்கம்மாவோட பழைய சுங்குடிப் புடவைலதான் தைக்கிறேன், ராத்திரி பாப்பா தூங்கினப்புறம். மூணு தடவை பிரிச்சாச்சு, கழுத்து நிக்கவே மாட்டேங்குது. உள்ள ஐஸ்கிரீம் குச்சி வெச்சும் பாத்தேன். நடுவுல ஒருநாள் கை, மூஞ்சி எதுவும் இல்லாத பாதி பொம்மைய பாப்பா எடுத்து தோள்ல போட்டுத் தட்டிட்டு இருந்தா, சர்ப்ரைஸ் கெட்டுடும்னு பிடுங்கி பீரோ மேல வெச்சுட்டேன், ரொம்ப நேரம் அழுதா. இப்ப கண்ணுக்கு சட்டை பட்டன் வெச்சிருக்கேன். இலவம்பஞ்சு நல்லதா, ரெக்ரான்னு விக்கிற பாலியஸ்டர் பஞ்சு நல்லதா? கடைல வாங்கின மாதிரி வர என்ன செய்யணும்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கழுத்தப் பத்தி அப்புறம் பேசலாம்மா. கழுத்துக்கு, குச்சிக்கு, பட்டனுக்கு, பஞ்சுக்குன்னு லெட்டர் முழுக்க எழுதிட்டு, பாப்பா அழுதத மட்டும் போற போக்குல ரெண்டு வார்த்தைல முடிச்சுட்டீங்க. நான் அங்கயே நின்னுட்டேன்.

மூஞ்சி இல்ல, கை இல்ல, ஒரு பக்கம் பஞ்சு வெளிய எட்டிப் பாத்திருக்கும், அதத் தூக்கி தோள்ல போட்டுத் தட்டியிருக்கா. யாரும் சொல்லிக் குடுக்கல. அழற குழந்தைய நீங்க எப்படித் தட்டுவீங்களோ அப்படித் தட்டிருப்பா, அதாவது அந்த நிமிஷத்துல அவ அதுக்கு அம்மா ஆயிட்டா, நீங்க போய் தூங்கற குழந்தைய அம்மா தோள்லேர்ந்து பிடுங்கின கணக்கா பிடுங்கி பீரோ மேல போட்டிருக்கீங்க. அழாம என்ன செய்யும்?

மூணு வயசுக்கு சர்ப்ரைஸ்னா என்னன்னு தெரியுமா? அந்த சர்ப்ரைஸ் யாருக்குன்னு நீங்களே யோசிங்க. கேக் வெட்டும்போது சுத்தி நிக்கிற நாத்தனாருக்கு, ஓரகத்திக்கு, போன்ல ஸ்டேட்டஸ் பாக்கறவங்களுக்கு. இதுல கடைல வாங்கின மாதிரி வேற வரணுமாம். அப்ப கடைலயே வாங்கிடுங்களேன், உங்கம்மா புடவையாவது மிஞ்சும்.

உங்கம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நான் சொல்லப் போறதில்ல, அவங்கள எனக்குத் தெரியாது. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, அவங்க போகும்போது இவளுக்கு ஒன்றரை வயசுகூட ஆகல, அம்மாச்சி மொகம் இவளுக்கு ஞாபகம் இருக்காது, இனி போட்டோல காட்டினாத்தான் உண்டு. அந்தப் புடவைய அவளாத் தேடி எடுத்து மேல சாத்திக்கிட்டா. அத ஒளிச்சு வெச்சு தேதி பாத்துக் குடுக்கறதுக்கு நீங்க யாரு?

வீட்ல நடக்குற வேலைய பிள்ளைங்க கண்ணுல படாம செய்யற இந்தப் பழக்கமே எனக்குப் பிடிக்கல. எங்க ஆயா பழைய புடவைய நாலா மடிச்சு விரிப்பு தைக்கும்போது நாங்க நாலு பேரும் சுத்தி உக்காந்திருப்போம், அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, ஊசில நூல் கோக்கறது எங்க வேலை, யாரு முதல்ல கோக்கறதுன்னு அடிதடியே நடக்கும். இப்ப எல்லாரும் பிள்ளைக்காக ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் கண்ணு முழிச்சு வேலை செய்யறீங்க, பகல்ல பிள்ளை பக்கத்துல வந்தா விரட்டறீங்க.

சரி, கழுத்து. நீங்க ரொம்பக் குறுகலா வெட்டியிருப்பீங்க. ஒரு அடி உயரப் பொம்மைக்கு கழுத்துகிட்ட துணி ரெண்டு இஞ்ச் அகலமாவது வேணும், ரெண்டு பக்கமும் தையலுக்கு கால் இஞ்ச் போனா மீதி ஒன்றரை, அதுவும் பஞ்சு அடைச்சு உருண்டையானா குறுக்களவு ஒரு இஞ்ச் தேறாது, அதுக்கும் குறைச்சலா வெட்டி மேல பெரிய தலைய வெச்சா தொங்காம என்ன பண்ணும். பழைய சுங்குடி மெத்துன்னு இருக்கும், ஆனா நைஞ்சிருக்கும், ஒத்தைத் துணியா தைக்காதீங்க, உள்ள பழைய வேட்டித் துணி குடுத்து ரெண்டையும் சேத்து வெட்டுங்க. புடவைலயும் உக்காந்து எந்திரிச்சுத் தேஞ்ச எடத்த விட்டுட்டு உள்சுத்துல வர்ற பக்கமா எடுங்க. கையால தைக்கிறதா இருந்தா பின் தையல் (பேக் ஸ்டிச்) போடுங்க, ஓட்டுத் தையல் (ரன்னிங் ஸ்டிச்) பஞ்சு அடைக்கும்போதே வாய் பொளக்கும். தைச்சதும் கழுத்து வளைவுல தையல வெட்டிடாம பக்கத்துல சின்னச் சின்னதா கத்திரி போட்டுட்டுத் திருப்புங்க, இல்லன்னா சுருக்கம் விழும். பஞ்ச கிள்ளிக் கிள்ளி பென்சில் பின்பக்கத்தால தள்ளி தலைய கல்லு மாதிரி அடைங்க, கழுத்துக்கு மட்டும் தனியா அடைக்காம தலைலேர்ந்து நெஞ்சு வரைக்கும் ஒரே நீளமா இறுக்கமா உருட்டி எறக்குங்க. அந்த உருளைதான் கழுத்த நிறுத்தும்.

இலவம்பஞ்சு விளையற போடி பக்கம் வளந்தவ நான், அது மேல பாசம் ஜாஸ்திதான், இருந்தாலும் இதுக்கு வேணாம். மூணு வயசுப் பொண்ணு பொம்மைக்குச் சோறு ஊட்டும், ரசம் ஊத்தும், தொவைச்சா இலவம்பஞ்சு கட்டி கட்டியாப் போயிடும், லேசுல காயவும் காயாது. ரெக்ரான் போடுங்க. இல்ல வெட்டினதுல மிச்சமான துணியவே பொடிசா நறுக்கிப் போடுங்க, கொஞ்சம் கனக்கும், அவ்ளோதான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல ரோமானியர் ஆண்ட காலத்து எகிப்து துணிப் பொம்மை ஒண்ணு இருக்கு, லினன் துணில தைச்சது, உள்ள இருக்கறது கந்தலும் பாப்பிரஸ்ங்கற கோரையும்தான்.

இப்ப திட்டப் போறேன். குழந்தை கட்டிப் பிடிச்சுத் தூங்கற பொம்மைக்குள்ள குச்சியா? படுத்துப் பொரளும்போது ஒடிஞ்சு துணியக் குத்திக்கிட்டு வெளிய வந்தா கண்ணு போயிடும். சட்டை பட்டன் அதைவிட மோசம், கடிச்சு இழுத்தா வாய்க்குள்ள போயி மூச்சுக் குழாய அடைக்கும். கடைல விக்கிற பொம்மைக்கு 2021 ஜனவரிலேர்ந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், எதெது கழண்டு வரும்னு சோதிச்சுத்தான் விக்கணும். உங்க வீட்டுப் பொம்மைய சோதிக்க நீங்கதான் இருக்கீங்க. எம்ப்ராய்டரி நூல்ல மூணு இழை எடுத்து கண்ண தைச்சே விட்டுடுங்க, கோணலா வந்தாலும் பரவால்ல.

இன்னிக்கே பீரோ மேலேர்ந்து எடுங்க. குச்சிய உருவி, பட்டன வெட்டிட்டு, தொறந்திருக்கற எடத்த நாலு தையல் போட்டு மூடி அவ கைல குடுங்க. பொம்மைக்குக் கை வெக்கும்போது உன் பொம்மைப் பாப்பாக்கு ஊசி போடணும், பிடிச்சுக்கோன்னு சொன்னா அவளே மடில வெச்சுப் பிடிச்சுக்குவா. பிறந்தநாள்குள்ள முடியலன்னா முடியல, ஒத்தக் கை பொம்மையோட கேக் வெட்டட்டும். தைச்சு முடிச்சதும் எடுத்த ஊசி அத்தனையும் டப்பாக்குள்ள திரும்பப் போச்சான்னு ஒண்ணு ரெண்டு எண்ணிப் பாருங்க, அவளையும் எண்ண வைங்க.