சாப்ஸ்டிக்கில் சாப்பிடப் பழகுவது கஷ்டமா? தினசரிச் சாப்பாட்டுக்கு ஒத்துவருமா?

கஷ்டமில்லை. இரண்டு மூன்று வாரம் விடாமல் அதிலேயே சாப்பிட்டால் கை பழகிவிடும். நான் வேலைக்காக ஜப்பானுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது, நாகோயாவில் இருக்கிறேன். சாம்பார் சாதம், ரசம் சாதம் என்றால் கைதான். மற்றதெல்லாம் ஹாஷியில். சாப்ஸ்டிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

பிடிப்பதில் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: கீழ்க்குச்சி அசையவே கூடாது. கட்டைவிரலின் அடிப்பள்ளத்தில் அழுந்தி, மோதிர விரலின் நகத்தோரத்தில் சாய்ந்து அது சும்மா கிடக்க வேண்டும். மேல்குச்சியைப் பேனா பிடிப்பதுபோல மூன்று விரலால் பிடியுங்கள். திறப்பதும் மூடுவதும் அதன் வேலை. குழந்தைகளுக்குக் கற்றுத் தரும்போது முதலில் மேல்குச்சியை மட்டும் கையில் கொடுத்து, காற்றில் மேலும் கீழுமாக '1' எழுதச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் பழகினேன். நான்கைந்து நாளில் வேர்க்கடலையை ஒவ்வொன்றாக எடுக்க வந்துவிட்டது.

ஆனாலும் சோறு மட்டும் வாய்க்கு வரும் வழியில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு மாதம் இதே கதை. எங்கள் அலுவலக கேண்டீனில் எனக்கு எதிரே உட்காரும் பெரியவர் ஒருவர்தான் காரணத்தைச் சொன்னார். என் வலது கையை அவர் பார்க்கவே இல்லை. மடியில் கிடந்த இடது கையைக் காட்டி, "கிண்ணத்தை எடு" என்றார்.

நமக்குச் சாப்பாட்டில் இடது கைக்கு வேலை கிடையாது. தண்ணீர் டம்ளரை எடுக்கும், மிஞ்சினால் கரண்டியைப் பிடிக்கும். தட்டைக் கையில் தூக்கிச் சாப்பிட்டால் எங்கள் வீட்டில் திட்டு விழும். இங்கே நேர் எதிர். சோற்றுக் கிண்ணத்தை மேசையிலேயே விட்டுவிட்டு முகத்தைக் கொண்டுபோய்ச் சாப்பிடுவதுதான் அவமரியாதை. 'இனுகுயி', நாய் தின்கிற மாதிரி என்பார்கள். அன்றைக்கு அவர் சொன்னபடி நான்கு விரலைக் கிண்ணத்தின் அடியிலும் கட்டைவிரலை விளிம்பிலும் வைத்து நெஞ்சளவுக்குத் தூக்கினேன். கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அப்புறம் சோறு விழவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இது இரண்டு கையும் சேர்ந்து செய்கிற வேலை. சாப்பாடும் அதற்கு ஏற்றபடிதான் வரும். அரிசி குட்டை ரகம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிறு கட்டியாக வரும். காய் கறியெல்லாம் பெரும்பாலும் அடுப்படியிலேயே வாய்க்கு அடங்குகிற அளவில் நறுக்கியாகிவிடும். மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கலாம். இதையே கொரியாவில் செய்யாதீர்கள். அங்கே கிண்ணத்தைத் தூக்குவது வழக்கமில்லை. சோற்றுக்கும் சூப்புக்கும் ஸ்பூன், தொடுகறிக்குத்தான் உலோகக் குச்சி.

குச்சியின் அருமை எனக்கு முழுசாகத் தெரிந்தது மீன் சாப்பிட்டபோதுதான். உப்பு போட்டுச் சுட்ட முழு மீன். நடுமுள் ஓடுகிற கோட்டிலேயே குச்சி முனையால் தலையிலிருந்து வால்வரை லேசாக அழுத்தினால் சதை இரண்டாகப் பிரியும். மேல்பக்கத்தைச் சாப்பிட்டு முடித்ததும் மீனைத் திருப்பிப் போடக் கூடாது. நடுமுள்ளை அப்படியே தூக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அடிப்பக்கத்தைச் சாப்பிட வேண்டும். ஜப்பானியக் குச்சியின் முனை கூராக இருப்பதால் ஊசி மாதிரி முள்ளைக்கூட தனியாக எடுத்துவிடலாம்.

வாங்கும்போது மரக்குச்சியாக வாங்குங்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கும் எஃகும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வேண்டாம். நீளத்துக்கு இங்கே ஒரு கணக்கு இருக்கிறது: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 'எல்' வடிவில் விரித்து, இரு நுனிக்கும் இடையே உள்ள தூரத்தைப்போல ஒன்றரை மடங்கு. எனக்கு 23 சென்டிமீட்டர் வந்தது. வீட்டில் ஆளுக்கு ஒரு ஜோடி தனியாக இருக்கும், ஒருவருடையதை இன்னொருவர் எடுப்பதில்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சோற்றில் குச்சியை நட்டு வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கிற சோற்றில்தான் அப்படி நடுவார்கள். ஒருவர் குச்சியால் நீட்டுவதை உங்கள் குச்சியால் வாங்கவும் வாங்காதீர்கள். ஒருமுறை தோழி ஒருத்தி முட்டைச் சுருள் ஒரு துண்டு எடுத்தாள், எனக்குத்தான் என்று குச்சியை நீட்டினேன். எதுவும் சொல்லாமல் என் தட்டில் வைத்தாள். தகனம் முடிந்தபின் உறவினர்கள் எலும்பைக் குச்சியால் எடுத்துக் கலசத்தில் போடுவார்கள், சில சமயம் குச்சியிலிருந்து குச்சிக்கு மாற்றியும் தருவார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நாம் அஸ்தி எடுப்பதைப் போலத்தான். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

நம் சாப்பாட்டுக்கு ஒத்துவருமா என்றால், உதிரியாக வடித்த சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்தபின் எந்தக் குச்சியும் நிற்காது. பொரியல், வறுவல், பஜ்ஜி எல்லாம் அருமையாக வரும். சமையலுக்கென்றே 'சாய்பாஷி' என்று நீளமான குச்சி விற்கிறார்கள், தலைப்பக்கம் நூலால் கட்டியிருக்கும். அம்மா இங்கே வந்து தங்கியிருந்தபோது அதில் அப்பளம் பொரித்துப் பார்த்தார். எண்ணெய் கைக்குத் தெறிக்கவில்லை, அப்பளமும் உடையவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது இரண்டு ஜோடி வாங்கிப் பெட்டியில் புடவைக்கு நடுவே வைத்து எடுத்துப்போனார்.