அனுபியாஸ் அழுகுகிறது, கிரிப்டோ கரைகிறது: விளக்கை மாற்ற வேண்டுமா?

வணக்கம் நண்பரே. இரண்டடி மீன்தொட்டி, ஒரே ஒரு சின்ன எல்இடி விளக்கு. செடி வைத்து மூன்றே வாரத்தில் அனுபியாஸ் அடியில் கூழாகிறது, கிரிப்டோகோரைன் (சுருக்கமாக கிரிப்டோ) இலையெல்லாம் கரைந்துவிட்டது, ஜாவா ஃபெர்ன் இலையில் கருப்புப் புள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்கைப் பெரிதாக மாற்ற அவசரப்படாதீர்கள். மூன்றுமே மங்கலான வெளிச்சத்தில் வாழும் செடிகள்தான்.

அனுபியாஸை மணலில் ஆழமாக நட்டதாகச் சொன்னீர்களே, சிக்கல் அங்கேதான். இலையும் வேரும் கிளம்பும் அந்தத் தடித்த தண்டு புதைந்தால் அழுகிவிடும். வெளியே எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று நாறும் பகுதியை, கெட்டியான தண்டு வரும்வரை பிளேடால் வெட்டி எறியுங்கள். மிச்சத்தைக் கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிடுங்கள். வேர் மட்டும் மணலுக்குள் போனால் பரவாயில்லை. ஜாவா ஃபெர்னுக்கும் இதே வைத்தியம்தான்.

கிரிப்டோ, தண்ணீர் மாறினாலே இலையை உதிர்த்துவிடும். நானும் முதல் தடவை செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்தேன், முட்டாள்தனம்! வேர் உயிரோடிருந்தால் சில வாரங்களில் துளிர்க்கும். கரைந்த இலைகளை மட்டும் எடுத்துவிடுங்கள், இடம் மாற்றாதீர்கள்.

ஃபெர்ன் இலையின் அடியில் புள்ளிகள் மேடாக, வரிசையாக இருந்தால் அது வித்துப்பைதான், நோயல்ல. பழைய இலைகளில் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம் குறைவாக இருக்கலாம், திரவ உரம் கொஞ்சம் விடுங்கள்.

விளக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் போனால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.